எசமான் போட்ட முறுக்கு

பூவாணி ஜமீன்தாருக்கு, கைக்கொரு நூலாகப் பிடித்து ஆட்டும் இரட்டை நூல் பட்டம் விடுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பு. நூல் இரண்டையும் கழியில் எட்டுப் போல மாற்றி மாற்றிச் சுற்றி, சிக்கில்லாமல் எடுத்து வைப்பவள் வேலைக்காரி சுடலி. பெயர் வாங்குவது மட்டும் ஜமீன்தார்.

அன்று பக்கத்து ஜமீன்தார் விருந்துக்கு வந்திருந்தார். அவர் மெச்ச வேண்டுமே என்று நம்மவர் பட்டத்தை ஒரே பக்கமாகக் குட்டிக்கரணம் போட வைத்துக்கொண்டே இருந்தார். நூல்கள் கயிறாக முறுக்கிக்கொண்டன. பட்டம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

"நூலை ஒழுங்காச் சுத்தி வெச்சியாடி?" என்று சுடலிமேல் பாய்ந்தார். "பட்டம் இறங்கக் கூடாது, நீ நூலைத் தொடவும் கூடாது. சிக்கை எடு. இல்லேன்னா குடும்பத்தோட ஊரைக் காலி பண்ணு."

சுடலி முறுக்கை அண்ணாந்து பார்த்தாள். பிறகு பணிவாகச் சொன்னாள்.

"ஆகட்டும் எசமான். கையைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு, நின்ன இடத்துலயே இடப்பக்கமாச் சுத்துங்க. இன்னும். இன்னும்."

ஜமீன்தார் தட்டாமாலை சுற்றினார். தலைப்பாகை கழன்று விழுந்தது. முறுக்கும் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது.

"அட, எப்படி அவிழ்ந்தது?" என்றார் விருந்தாளி.

"நான் போட்ட சிக்கா இருந்தா கழியிலயே மாட்டியிருக்கும், பட்டம் மேலயே போயிருக்காது, சாமி. எசமான் போட்டது, எசமான் சுத்தினதும் அவிழ்ந்திடுச்சு."

விருந்தாளி விழுந்து விழுந்து சிரித்தார். ஊரைக் காலி பண்ணும் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. ஜமீன்தார் சுடலியை முறைக்கத்தான் பார்த்தார். தலை சுற்றியதில் ஒரு தென்னைமரத்தை முறைத்துக்கொண்டு நின்றார்.