எதிர்ப்பக்கம் நின்றவன்

இசக்கிப்பாண்டியைத் தணிகைவேல் கடைசியாகப் பேசும் நிலையில் பார்த்தது, மயக்க மருந்து ஏறுவதற்குச் சற்று முன்பு.

"நீங்களா பண்ணப் போறிய? பெரிய டாக்டரம்மா வரலியா?" என்று கேட்டார், விபத்தில் தொடை எலும்பு முறிந்து வந்திருந்த அந்த வேன் ஓட்டுநர்.

"நான்தான்."

சொல்லும்போது அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எலும்பு மருத்துவம் படித்து முடித்து, விபத்து அறுவையில் ஓராண்டு மேற்பயிற்சிக்கு வந்தவன் அவன். ஆண்டு முடியப் போகிறது. ஆசிரியர் ஹெலன் ரூபாவதி ஒருமுறைகூடத் துளைக்கருவியை அவன் கையில் கொடுத்ததில்லை. மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று, நோயாளியின் காலை அசையாமல் பிடித்துக்கொள்வதுதான் அவன் வேலை. இன்னிக்கும் கால்தானா டாக்டர் என்று நர்சுகள் கேலி செய்வார்கள்.

அன்று ஆசிரியர் வெளியூரில் இருந்தார். நுரையீரலிலும் அடி இருக்கிறது, தொடை எலும்புக்குள் இப்போது கம்பி செலுத்தாதே, மூச்சு தாங்காது, வெளியில் கம்பி கட்டி நிறுத்து, நெஞ்சு தேறட்டும் என்று போனில் சொல்லியிருந்தார்.

உள்ளே கம்பி செலுத்த மேடம் சரி என்றார்களா என்று மயக்க மருத்துவர் கேட்டார்.

தணிகைவேல் தலையாட்டினான்.

கம்பி உள்ளே போனது. அதன் பிறகு இசக்கிப்பாண்டிக்கு மூச்சு சீராகவே இல்லை. மறுநாள் காலை இறந்துபோனார்.

ரயிலிலிருந்து இறங்கிய ஆசிரியர் நேராக வந்தார்.

"ஏன் என்னைக் கேக்கல?"

"கேட்டா வேண்டாம்பீங்க. நீங்க வந்தா நீங்களே பண்ணுவீங்க. ஒரு வருஷமா கால் பிடிக்கிறேன் மேடம். ஊருக்குப் போய்த் தனியா எப்படிப் பண்ணுவேன்?"

கேட்டு முடித்ததுமே அவனுக்குக் கூசியது. ஒரு மனிதர் இறந்து கிடக்கிறார். இவன் தன் குறையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பிடிக்க வச்சது நான்தான்," என்றார்.

"இப்ப நான் என்ன செய்யணும் மேடம்?"

அவர் எழுந்து நடந்தார். இவன் அறுவைக்குப் பின் எடுத்த எக்ஸ்ரே படத்துடன் பின்னால் போனான்.

வெளியே இசக்கிப்பாண்டியின் மனைவி காத்திருந்தாள். இன்னும் யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. சாவுச் செய்தியை எப்போதும் ஆசிரியர்தான் சொல்வார். இவன் அவர் முதுகுக்குப் பின்னால் தரையைப் பார்த்து நிற்பான்.

கதவருகே ஆசிரியர் நின்றார். படத்தை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டு, அவனுக்குப் பின்னால் போய் நின்றார்.

முன்னால் இப்போது யாரும் இல்லை.

அவள் அவசரமாக எழுந்து வந்தாள்.

"கால் சேந்துட்டா டாக்டர்?"

எலும்பு இம்மி பிசகாமல் பொருந்தியிருந்தது.