மாம்பழத்துக்குத் தொட்டில் கட்டிய மொட்டப்பாறைக்காரர்கள்

மொட்டப்பாறை ஆட்களிடம் ஒரு தங்கமான குணம் உண்டு. சொன்னதைச் செய்வார்கள். சொன்னதை அப்படியே செய்வார்கள். அதனால்தான் பத்து வருஷமாகச் சுத்துப்பட்டில் ஒருத்தரும் அவர்களை வேலைக்குக் கூப்பிடவில்லை.

அந்த வருஷம் மாந்தோப்புக்காரர்களுக்குக் கைகொடுக்க ஒரு திட்டம் வந்தது. முந்தின வருஷம் பறிக்க ஆள் இல்லாமல் பழமெல்லாம் மரத்தடியில் கிடந்து அழுகிப் போயிருந்தது. அதனால் திட்டத்துக்காரர்களே சீசனுக்கு ஆள் போட்டு, கூலியும் தந்து, பழம் அடுக்கப் பிளாஸ்டிக் கூடையும் தருவதாக ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

மொட்டப்பாறை ஒச்சப்பன் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி மாயக்கா அவனை எழுப்பி, துண்டைக் கையில் கொடுத்து, வாசலுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இந்தா பாரு. ஆறு வருஷமா நானே கல்லு உடைச்சு உனக்குச் சோறு போடுறேன். இனிமே இந்த வீட்டுப் படியை மிதிச்சா வேலையோட மிதி. இல்லாட்டி இந்தக் கதவு உனக்குத் திறக்காது, ஆமா!"

ஒச்சப்பன் மூடின கதவைப் பார்த்தான். மாயக்காவின் கருவாட்டுக் குழம்பு இல்லாத வாழ்க்கையும் ஒரு வாழ்க்கையா? அன்றைக்கே கூட்டாளிகள் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு கிளம்பினான். வீரணன் யோசனை சொல்கிறவன். தவசி சந்தேகம் கேட்கிறவன். கட்டையன் இரண்டுக்கும் தலையாட்டுகிறவன்.

நாலு பேரையும் பவுனுத்தாயின் மாந்தோப்புக்கு அனுப்பினார்கள். திட்டத்து மேடம் எஸ்தர் வந்து வேலையை விளக்கினார்.

"காம்பு ஒரு விரல் நீளம் விட்டுப் பறிக்கணும். பறிச்ச பழம் நிழல்லயே இருக்கணும். முக்கியமா, ஒவ்வொரு பழத்தையும் பச்சப்புள்ளை மாதிரி பார்த்துக்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம். வேலை எத்தனை நாளைக்கு மேடம்?" என்றான் ஒச்சப்பன்.

"மரத்துல கடைசிப் பழம் இருக்கிறவரைக்கும் உங்களுக்கு வேலை இருக்குப்பா."

ஒச்சப்பன் அந்த வார்த்தையைப் பத்திரமாக மனசில் முடிந்துவைத்துக்கொண்டான்.

மேடத்தின் ஜீப் நகர்ந்ததும் தவசி கேட்டான்: "ஒரு விரல்னாகளே, எந்த விரல்? நம்ம நாலு பேருக்கு மொத்தம் நாப்பது விரல் இருக்கே!"

எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். வீரணன் கண்ணை மூடி யோசித்தான். "ஒச்சப்பன் ஆள்காட்டி விரல்தான் சரி. இதுவரைக்கும் எந்த வேலையும் செஞ்சு தேயாத விரல் அது ஒண்ணுதான்."

அப்புறம் என்ன! பழத்துக்குப் பழம் ஒச்சப்பனைத் தூக்கிக்கொண்டு போய்க் காம்பில் விரலை வைத்து அளந்தார்கள். இறக்கினார்கள், அடுத்த கிளைக்கு ஏற்றினார்கள். மத்தியானத்துக்குள் ஒன்பது பழம் பறித்தாகிவிட்டது. ஒச்சப்பனுக்கு அக்குள் ரெண்டும் புண்.

பறித்ததை நிழலில் வைத்தார்கள். நிழல் நகர்ந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு இவர்களும் நகர்ந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு மேகம் வந்து ஊரையே நிழலாக்கிவிட்டது. "அடேயப்பா, இனிமே எங்க வேணா வைக்கலாம்டா!" என்று கட்டையன் வாய்க்காலுக்கு ஒன்று, வரப்புக்கு ஒன்று, கோயில் வாசலுக்கு ஒன்று என்று பரப்பி வைத்தான். மேகம் விலகியது. நாலு பேரும் ஐயோ ஐயோ என்று ஓடி ஓடிப் பொறுக்கினார்கள்.

சாயங்காலம் தோப்புக்கு வந்து பார்த்த பவுனுத்தாய் அப்படியே நின்றுவிட்டாள். நாலு பேரும் கோவணத்தோடு நிற்கிறார்கள். நாலு வேட்டியும் கிளையில் தொட்டிலாகத் தொங்குகிறது. வீரணன் வெந்நீரில் மாம்பழம் குளிப்பாட்டுகிறான். தவசி சாம்பிராணிப் புகை காட்டுகிறான். ஒச்சப்பன் பழத்துக்குப் பழம் கன்னத்தில் கண்மையால் திருஷ்டிப் பொட்டு வைக்கிறான். கட்டையன் தொட்டிலை ஆட்டி ஆராரோ பாடுகிறான்.

"அடப் பாவிகளா, என்னடா பண்றீக?"

"பச்சப்புள்ளை மாதிரி பார்க்கச் சொன்னாகக்கா. ஒண்ணு மட்டும் பால் குடிக்க மாட்டேங்குது" என்றான் ஒச்சப்பன் கவலையாக.

மறுநாள் லாரியோடு வந்த வியாபாரி கூடையைப் பார்த்து நாலடி பின்னால் போனார். "கரும்புள்ளி நோய்! இந்தப் பழத்தை என் லாரியில ஏத்தாதீக."

பவுனுத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். எஸ்தர் மேடம் ஓடி வந்து ஒரு பழத்தை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்தார். மை போய்விட்டது. தோலில் ஒரு கீறல் இல்லை, ஒரு அடி இல்லை, ராஜகுமாரன் மாதிரி இருந்தது பழம். வியாபாரி மோந்து பார்த்தார். சாம்பிராணி வாசம் கமகமத்தது. "இந்த மாதிரியே இன்னும் வேணும்" என்று சொல்லிவிட்டு ஏற்றிக்கொண்டு போனார்.

மேடம் மட்டும் விரலை நீட்டிச் சொன்னார்: "இனிமே ஏதாவது பழத்தோட கன்னத்துல மையைப் பார்த்தேன், அன்னைக்கே வேலை போச்சு!"

மற்ற ஆட்களும் வந்து சேர, ஒன்றரை மாசத்தில் தோப்பு காலியாகிவிட்டது. மேற்கு மூலை மரத்தில் ஒரே ஒரு பழம் பாக்கி. தவசி கையை நீட்டினான். ஒச்சப்பன் அவன் கையைத் தட்டிவிட்டான்.

"மடையா! அது கடைசிப் பழம்டா. அது மரத்துல இருக்கிறவரைக்கும்தான் நமக்கு வேலை."

மூன்று பேரும் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். காம்பு இற்றுப்போனாலும் பழம் மரத்தைவிட்டு விழாதபடி அதே கிளையில் தொட்டில் கட்டி, அதில் படுக்கவைத்தார்கள். அணில் வராமல் ராத்திரி பகலாகக் காவல் இருந்தார்கள்.

நாலு நாள் போனது. கிளம்பின நாளிலிருந்து தோப்பிலேயே கிடந்த ஒச்சப்பனுக்குக் கருவாட்டுக் குழம்பு நினைப்பு வந்துவிட்டது.

"வேலையோட வந்து படியை மிதிக்கச் சொன்னா. வேலையோ இங்க தொங்குது. மரத்தைத் தூக்கிட்டுப் போயிருவமா?"

"பவுனுத்தாய் அக்கா ஏசும்" என்றான் தவசி.

வீரணன் கண்ணை மூடினான். வெகுநேரம் கழித்துத் திறந்தான். "வேலையை வீட்டுக்குக் கொண்டுபோக முடியலைன்னா, வீட்டை வேலைக்குக் கொண்டாந்துருவோம்."

கட்டையன் பலமாகத் தலையாட்டினான்.

வெள்ளிக்கிழமை மாயக்கா சந்தைக்குப் போய்விட்டு வந்தாள். வீட்டைக் காணோம். நாலு மண்சுவர் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. கூரை இல்லை, கதவு இல்லை, வாசல் படிக்கல்லைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். வழியெல்லாம் கூரையில் வேய்ந்த சோளத்தட்டை சிந்திக் கிடந்தது. அதையே தடம் பிடித்து நடந்து தோப்புக்கு வந்து சேர்ந்தாள்.

மேற்கு மூலை மாமரத்தில் அவள் வீட்டுக் கூரை கட்டியிருந்தது. மரத்துக்கு முன்னால் அவள் வீட்டுக் கதவு, சுவர் கிவர் எதுவும் இல்லாமல், தனியாக நின்றது. மாயக்கா கதவைத் தட்டினாள்.

"யாரது?"

"நான்தான்யா!"

தாழ்ப்பாள் திறந்தது. படிக்கல்லை மிதித்துக்கொண்டு ஒச்சப்பன் நின்றான், முகமெல்லாம் பல்லாக.

"பார்த்தியா புள்ள? வேலையோட மிதிச்சுட்டேன்! மெதுவா வா, புள்ளை தூங்குது."

மாயக்கா சந்தைப்பையைக் கீழே வைத்தாள். தொட்டிலை விலக்கிப் பழத்தைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. நாலு பேரும் ஒருத்தன் பின்னால் ஒருத்தன் ஒளிந்தார்கள்.

"உங்களுக்கெல்லாம் கூறு இருக்கா? அந்தி சாயுற நேரத்துல ஒரு திருஷ்டிப் பொட்டுக்கூட வைக்காமயா புள்ளையைத் தூங்கப் போடுவாக?"

ஒச்சப்பன் தொட்டிலை மறித்து நின்றான். "ஐயோ, கன்னத்துல மை பட்டா வேலை போயிரும்னு மேடம் சொல்லிருக்காக!"

"கன்னத்துலதானே கூடாது? உள்ளங்கால்ல வைக்கிறேன்" என்று தன் கண்ணிலிருந்து மையைத் தொட்டு எடுத்த மாயக்கா, பழத்தை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். அப்புறம் விரலைத் தூக்கிப் பிடித்தபடியே படிக்கல்லில் உட்கார்ந்தாள். வீரணன் கண்ணை மூடினான்.

மாம்பழத்துக்கு உள்ளங்கால் எந்தப் பக்கம் என்று ஐந்து பேரும் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.