உசரமான தலை

நகரத்தின் நடுவில் நிற்கும் தேசத் தலைவர் சிலையைக் கழுவித் துடைப்பது ரஞ்சிதத்தின் வேலை. தலைவர் பிறந்தநாளுக்கு முந்தின நாள் கவுன்சிலர் தணிகைவேல் வந்து குதித்தார்.

"நாளைக்கு மந்திரி மாலை போட வர்றாரு. தலைவர் தலையில ஒரு சொட்டு காக்கா எச்சம் இருந்தாலும் உன் வேலை போச்சு!"

ரஞ்சிதம் அண்ணாந்து பார்த்தாள். "அப்படின்னா ஐயா, பக்கத்துலயே உங்க கட்டவுட்டைத் தலைவரைவிட ரெண்டடி உசரமா வச்சிருங்க."

கவுன்சிலருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சாயங்காலமே கட்டவுட் எழும்பிவிட்டது.

காக்காய்கள் வழக்கம்போல, இருப்பதிலேயே உயரமான தலையாகப் பார்த்து உட்கார்ந்தன. காலையில் மந்திரி வந்தபோது தலைவர் பளபளவென்று நின்றார். கட்டவுட்டின் முகம்தான் ஒரே வெள்ளை.

"யாருய்யா இது?" என்றார் மந்திரி.

ரஞ்சிதம் பணிவாகச் சொன்னாள்: "எங்க கவுன்சிலர் ஐயாங்க. தலைவர் தலையில விழ வேண்டியதையெல்லாம் தன் தலையில தாங்கிக்கிட்டாருங்க."