நாற்பது அடி

தவமணி டீச்சர் முப்பத்தோரு வருஷம் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தாள். சுற்றுலா என்றாலும் அணிவகுப்பு என்றாலும் முன்னால் நடப்பது அவள்தான். பத்தடிக்கு ஒரு தரம் திரும்பித் தலைகளை எண்ணுவாள். ஒன்று குறைந்தால் விசில் ஊதுவாள். ஒரு பிள்ளையைக்கூட அவள் எங்கும் தொலைத்ததில்லை.

ஓய்வு பெற்ற வருஷம் கிளிமஞ்சாரோ மலைக்குப் போனாள். கூட வந்தது அறிவியல் டீச்சர் பிலோமினா. எல்லாம் கடைசி வகுப்புப் பிள்ளைகளின் கேலியில் தொடங்கியது.

"எங்களை ஓடவிட்டுட்டு நீங்க மரத்தடியில நிப்பீங்களே டீச்சர். ஒரு தரம் நீங்க ஏறுங்க, நாங்க விசில் ஊதுறோம்."

ஏறுகிறேன் என்று சொல்லிவிட்டாள். பிள்ளைகள் விடவில்லை. பச்சை ரிப்பன் ஒன்றில் வகுப்பே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. உச்சியில் அதைப் பிடித்தபடி ஒரு படம் வேண்டும். மூட்டு மருத்துவரோ, இந்த முழங்கால் ஒரு மலைக்குத் தாங்கும், இன்னொன்றுக்குத் தாங்காது என்று சொல்லியிருந்தார்.

வழிகாட்டியின் பெயர் எலினாமி. அடிவாரத்துக்காரர், முப்பத்தெட்டு வயது, பதினெட்டு வருஷமாக ஏறுகிறவர். மலைவாசலில் மூட்டைகளை எடை பார்த்துச் சுமைக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்போது இரண்டு தும்மல் தும்மினார். டீச்சர் விசாரித்ததற்கு, கீழே எல்லாருக்கும் சளிதான் என்று சிரித்தார். அவளை "மாமா" என்று அழைத்தார். அவர் மொழியில் அதற்கு அம்மா என்று பொருள். பிலோமினாவுக்கு அது போதுமாக இருந்தது. "என்ன மாமா, தண்ணி குடிச்சீங்களா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

மழைக்காலத்தின் வால் அது. அந்தப் பாதையில் அந்த வாரம் அவர்கள் மட்டும்தான். முதல் நாள் பாசி தொங்கும் காடு. இரண்டாம் நாள் இடுப்பளவுப் புதர். சுமைக்காரர்கள் தலையில் கூடாரமும் அடுப்புமாகக் கடந்து போய், இவர்கள் போய்ச் சேரும்போது கூடாரம் கட்டித் தேநீர் வைத்திருந்தார்கள். எலினாமி முன்னால் நடந்தார். அவ்வளவு மெதுவாக நடக்கிற மனிதரை டீச்சர் பார்த்ததே இல்லை. ஒரு காலை வைத்துவிட்டு, அடுத்த காலை வைக்கலாமா என்று மலையிடம் கேட்டுவிட்டு வைப்பதுபோல் நடந்தார்.

இன்னொன்றும் கவனித்தாள். அவர் திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஆனால் அவளுக்கு மூச்சு முட்டுகிற கணத்தில் அவர் நடை தளர்ந்தது. பிலோமினாவுக்குத் தலை கனக்கத் தொடங்கியபோது, அவள் சொல்வதற்கு முன்பே நின்றார்.

மூன்றாம் நாள் பிலோமினா வாந்தி எடுத்தாள். உயரம் ஒத்துக்கொள்ளாவிட்டால் இறங்குவதுதான் மருந்து, விட்டால் நெஞ்சில் நீர் கோத்துவிடும் என்றார் எலினாமி. உதவி வழிகாட்டி அவளைக் கீழே அழைத்துப் போக வேண்டியதாயிற்று. போகும்போது, "எனக்கும் சேர்த்து அங்க நின்னுட்டு வா மாமா" என்று சிரித்தாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

அன்று மாலை டீச்சர் எலினாமியிடம் கேட்டாள்.

"நான் முப்பது வருஷம் திரும்பித் திரும்பிப் பார்த்தே பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். நீங்கள் ஒரு தரமும் பார்ப்பதில்லை. பின்னால் வருகிறவர் எப்படி இருக்கிறார் என்று எப்படித் தெரிகிறது?"

எலினாமி தேநீரை முழுக்கக் குடித்து முடித்தார். "நாளை நீங்கள் முன்னால் நடங்கள்" என்றார். "எங்கே நிற்பது என்பதும் முன்னால் போகிறவர் பொறுப்பு."

நான்காம் நாள் அவள் முன்னால் நடந்தாள். மனிதர்களைவிட உயரமான, அன்னாசித் தலை வைத்த மரங்கள் மூடுபனியில் வரிசையாக நின்றிருந்தன. பழக்கம் விடவில்லை. பத்தடிக்கு ஒரு தரம் திரும்பினாள். திரும்பும்போதெல்லாம் அவர் சிரித்தார். முகாமில் மூட்டையை இறக்கியதும், நான் எப்படி நடந்தேன் என்று கேட்டார்.

"நன்றாகத்தான் நடந்தீர்கள். சிரித்துக்கொண்டே வந்தீர்கள்."

அவர் உட்கார்ந்து இடது காலணியைக் கழற்றிக் கவிழ்த்தார். புளியங்கொட்டை அளவு கல் ஒன்று விழுந்தது. காலுறையில் ரத்தக் கறை இருந்தது.

"காலையில் நானே போட்டுக்கொண்டேன்" என்றார். "முகம் சிரித்துவிடும் மாமா. அதற்குப் பழக்கம்."

டீச்சர் அந்தக் கல்லை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு நன்றாக இருக்கிறேன் டீச்சர் என்று சிரித்துக்கொண்டே வரிசையில் நின்ற முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பிறகு கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிப் பையில் போட்டாள்.

ஐந்தாம் நாள் அவள் திரும்பவில்லை. முதலில் ஒன்றும் கேட்கவில்லை, தன் மூச்சின் இரைச்சல் மட்டும். பிறகு அது அடங்கியது. அதன் பின்னால் சரளையில் அவர் காலடி கேட்டது. வலது கால் லேசாக, இடது கால் அழுத்தமாக, இடையில் கைத்தடி. அதற்கும் பின்னால், மெல்ல, அவர் மூச்சு. நண்பகலுக்கு மேல் அவள் நின்றாள்.

"இன்றைக்கு வலது கால்" என்றாள், திரும்பாமல்.

பின்னால் காலணி கழற்றும் சத்தம் கேட்டது. ஒரு கல் பாறையில் பட்டு உருண்டு போயிற்று. அன்று கூழ் ஊற்றும்போது முதல் கிண்ணத்தை எலினாமியே எடுத்து இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார்.

உச்சிக்கு வழக்கமாக நள்ளிரவில் கிளம்புவார்கள். ஆறாம் நாள் காற்று விடவில்லை. விடிந்த பிறகு, சுமைக்காரர்களை முகாமில் விட்டுவிட்டு, இருவர் மட்டும் கிளம்பினார்கள், டீச்சர் முன்னால். புல் இல்லை, பறவை இல்லை. கீழே மேகம் உழுத வயல்போலக் கிடந்தது. மேலே பனி, காலை வெயிலில் சுண்ணாம்பு வெள்ளையாக. இவ்வளவு பெரியது இத்தனை காலம் யாருக்காகவும் இல்லாமல் இங்கே நின்றிருக்கிறதே என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

நான்கு மணி நேரம் நடந்தார்கள். உச்சியின் விளிம்பு தெரிந்தது. இன்னும் ஒன்றரை மணி நேரம். ரிப்பன் மார்புப் பையில் இருந்தது.

அப்போதுதான் அது கேட்டது. பின்னால் வந்த மூச்சின் அடியில் ஒரு ஈரம். டம்ளரின் அடியில் மிஞ்சியதை உறிஞ்சுகுழலால் இழுக்கும் சத்தம், மிகச் சிறியதாக.

காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். பத்தடி நடந்தாள். காற்று இல்லை. சளிதான், கீழேயே தும்மினாரே என்று நினைத்தாள். இன்னும் பத்தடி. பதினெட்டு வருஷம் ஏறியவருக்குத் தெரியாதா? இன்னும் பத்தடி. அவர் திரும்பினால் அவளும் திரும்ப வேண்டும். வழிகாட்டி இல்லாமல் யாரும் மேலே போகக் கூடாது. இந்த முழங்கால் இன்னொரு தரம் இங்கே வராது. பச்சை ரிப்பனில் இருந்த பெயர்கள் நெஞ்சில் உரசின. இன்னும் பத்தடி.

நின்றாள்.

"எலினாமி, உங்கள் நெஞ்சில் தண்ணீர் சத்தம் கேட்கிறது. இறங்கலாம்."

அவள் திரும்பினாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். உதடு நீலமாக இருந்தது.

இறங்கும்போது அவரை முன்னால் விட்டாள். மேகம் ஏறி வந்து இரண்டடி தள்ளி ஒன்றும் தெரியாமல் போயிற்று. ரிப்பனை எடுத்து அவர் முதுகுப் பையில் கட்டினாள். வெள்ளையில் அந்தப் பச்சை ஒன்றுதான் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இறங்கினாள். அவர் இரண்டு தரம் உட்கார்ந்துவிட்டார். இரண்டு தரமும் வகுப்பில் பேசும் குரலில், எழுந்திருங்கள் என்றாள். எழுந்தார். முகாமுக்குக் கேட்கும் தூரம் வந்ததும் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினாள், முப்பத்தோரு வருஷத்தில் ஊதாத அளவுக்கு. சுமைக்காரர்கள் பிராணவாயு உருளையோடு ஓடி வந்தார்கள். நிற்காமல், பொழுது சாய்வதற்குள், காட்டின் விளிம்பு வரை அவரை இறக்கிவிட்டார்கள்.

மறுநாள் காலை எலினாமி ஒரு மரத்தில் சாய்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார். மூச்சு உலர்ந்திருந்தது. மேகம் விலகி மலை முழுசாகத் தெரிந்தது. டீச்சர் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். படம் எடுக்காத ரிப்பன் இன்னும் அவர் பையிலேயே இருந்தது.

"ஒன்று சொல்ல வேண்டும்" என்றாள். "கேட்டவுடன் நான் நிற்கவில்லை. நாற்பது அடி நடந்தேன். உச்சி வேண்டும் என்று நடந்தேன்."

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"தன் மூச்சு தனக்குச் சரியாகக் கேட்பதில்லை மாமா. உங்கள் மூச்சு எனக்குக் கேட்டது. அது அடிக்கடி நின்று நின்று என் மூச்சைக் கவனித்தது. அதை வைத்துத்தான் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்."

டீச்சர் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தெரிந்துமா நீங்கள் நிற்கவில்லை?"

எலினாமி கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"முன்னால் போனது நீங்கள்" என்றார்.