தூக்கத்தைச் சபைக்குக் கொண்டுவந்த கொம்பையன்

முன்னொரு காலத்தில், ராஜா நினைத்தால் நடக்காதது எதுவுமில்லை என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு ராஜாவுக்கு நினைத்தும் நடக்காத காரியம் ஒன்று இருந்தது. அது தூக்கம்.

ராஜாவின் பெயர் குமாரசிம்மராயர். நல்ல மனிதர்தான். கோபம் வரும், வந்த வேகத்தில் போய்விடும். ஆனால் ஏழு மாதமாக அவருக்குத் தூக்கம் இல்லை. அடியோடு இல்லை என்று சொன்னால் பொய் சொன்னவனாவேன். விடியும் நேரத்தில் கொஞ்சம் கண்ணயர்வார். உடனே திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவார். பகலெல்லாம் தலை பாறாங்கல்லாகக் கனக்கும். ஏரிக்கு மதகு கேட்டு வந்த குடியானவர்களிடம், "சரி, பெண்வீட்டார் என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டார் ஒருநாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, சம்மதம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அரண்மனை வைத்தியர் அமிர்தகடேசர் கை வைக்காத மருந்து இல்லை. சாதிக்காயைப் பாலில் அரைத்துக் கொடுத்தார். கசகசா கொடுத்தார். உள்ளங்காலில் நெய் தடவினார். மருதாணிப் பூவைப் பறித்து வரச்சொல்லித் தலையணைக்குள் அடைத்தார். தலையணை கமகமவென்று மணத்தது. அந்த மணத்தை விடிய விடிய முகர்ந்துகொண்டு ராஜா விழித்திருந்தார்.

இந்த இடத்தில் அந்த அரண்மனையின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ராஜா விழித்திருக்கும்போது கோட்டைக்குள் வேறு யாரும் தூங்கக்கூடாது. ராஜாவின் பாட்டனார் போட்ட சட்டம் அது. ராஜா தூங்கியதும் பள்ளியறை வாசலில் தொங்கும் துயில் மணியை மூன்று தடவை அடிப்பார்கள். அதைக் காதால் கேட்டபிறகுதான் மந்திரி முதல் மடைப்பள்ளி ஆள் வரை யாராக இருந்தாலும் படுக்கலாம். பாட்டனார் படுத்தால் இடியே விழுந்தாலும் எழுந்திருக்காதவர். தலைமாட்டில் தவில் வாசித்தாலும் அவருக்கு ஒன்றுதான். அதனால் அந்த வழக்கம் யாருக்கும் தொந்தரவில்லாமல் நடந்துவந்தது.

பேரனோ பாட்டனார் இல்லை. ஆனாலும் வழக்கம் வழக்கம்தான். குமாரசிம்மராயர் படுத்ததும் பன்னிரண்டு பேர் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். விசிறி வீசுகிறவர், கால் பிடிக்கிறவர், தாலாட்டுப் பாடுகிறவர், விளக்கைத் தூக்கிப் பிடித்துக் கண்ணிமையை உற்றுப் பார்க்கும் வைத்தியர், கயிற்றைக் கையில் பிடித்தபடி மணியடிக்கும் வீரணன் என்று ஒரு திருவிழாக் கூட்டம். ராஜா கண்ணை மூடுவார். பன்னிரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த நிசப்தம் ராஜாவின் காதில் விழும். "பாவம், நான் தூங்கிவிட்டதாக நினைக்கிறார்கள்" என்று தோன்றும். அந்த நினைப்பிலேயே கண் திறந்துகொள்ளும். பன்னிரண்டு பேரும் பெருமூச்சு விடுவார்கள்.

இப்படி அரண்மனையே கண் சிவந்து கிடந்த காலத்தில், நன்றாகத் தூங்கிய ஒரே அரசவை ஆள் விகடகவி கொம்பையன். அவன் வீடு கோட்டைக்கு வெளியே இருந்தது. சட்டம் அங்கே செல்லாது. அவன் பேச்சைக் கேட்டுத்தான் ராஜா அந்த ஏழு மாதத்தில் கொஞ்சமாவது சிரித்திருந்தார். அதனாலேயே மந்திரி உலகளந்தாருக்கும் வைத்தியருக்கும் அவனைக் கண்டால் ஆகாது.

ஒருநாள் சபையில் வரி மனு ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார்கள். நடுவே ஒரு குறட்டைச் சத்தம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கொம்பையன் கோட்டைச் சட்டத்தையும் மறந்து, தூணில் சாய்ந்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

வைத்தியர் எழுந்து கைகூப்பினார். "மகாராஜா, தங்கள் உறக்கம் எங்கே போயிற்று என்று ஏழு மாதமாகத் தேடுகிறேன். இதோ, கண்முன்னே இருக்கிறது. தங்களிடம் குறைந்தது இவனிடம் கூடியிருக்கிறது. திருடினவனிடம் கேட்காமல் மருந்திடம் கேட்டுப் பயனென்ன?"

அன்றைக்கு ராஜாவுக்கு நல்ல தலைவலி. வைத்தியர் சொன்னது நியாயம் போலவே பட்டது. தூக்கமில்லாதவருக்கு எதுவும் நியாயமாகப் படும்.

"கொம்பையா, என் தூக்கத்தை நீயா எடுத்தாய்?"

கொம்பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான். "இல்லை மகாராஜா. இது என் வீட்டுத் தூக்கம். பழையது சாப்பிட்டுவிட்டு வந்தால் கூடவே வந்துவிடும்."

சபை சிரித்தது. ராஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நான் செத்துக்கொண்டிருக்கிறேன், இவனுக்கு விளையாட்டாக இருக்கிறது என்று சுரீரென்று கோபம் வந்தது. "அப்படியானால் என்னுடையதைத் தேடிப் பிடித்து வா. நாளை சூரியன் உச்சிக்கு வரும்போது அது இந்தச் சபையில் இருக்க வேண்டும்."

மந்திரி உலகளந்தார் விடுவாரா? "மகாராஜா, இவன் வாய்ஜாலக்காரன். வெறும் பேச்சில் தப்பித்துவிடுவான். தூக்கம் வந்ததைத் தாங்கள் விழித்திருந்து தங்கள் கண்ணால் காண வேண்டும். தங்களுக்கும் அது கிடைத்தது என்று இந்தச் சபை சாட்சி சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் இவன் நாட்டு எல்லையைத் தாண்டிவிட வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. விழித்திருப்பவன் தன் தூக்கத்தை எப்படிப் பார்ப்பான்? தூங்குகிறவன் எதைப் பார்ப்பான்? இருந்த ஒரே சிரிப்பையும் தானே நாடு கடத்திவிட்டோமே என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனால் சபையில் சொன்ன சொல்லை ராஜா திரும்ப விழுங்க முடியாது.

அன்று பிற்பகலே கொம்பையன் பள்ளியறைக்கு வந்து நின்றான். கையில் ஒரு கயிறும் தார்க்குச்சியும் வைத்திருந்தான்.

"இதெல்லாம் என்ன?" என்றார் ராஜா.

"காணாமல் போன மாட்டைத் தேடப் போகிறவன் வெறுங்கையோடா போவான் மகாராஜா? எங்கள் ஊரில் முதலில் கேட்பது இதுதான். கடைசியாக எங்கே பார்த்தீர்கள்?"

ராஜா யோசித்தார். "இந்தக் கட்டிலில்தான். சித்திரை மாதம். காய்ச்சல் விட்ட அன்று. நன்றாகக் கண் சொருகியது. உடனே மணி அடித்தது. தூக்கிவாரிப் போட்டது."

"மறுநாள்?"

"மறுநாள் தூக்கம் வரும்போதே மணி அடிக்குமே என்று நினைப்பு வந்துவிட்டது."

கொம்பையன் பள்ளியறை வாசலில் நின்ற வீரணனிடம் திரும்பினான். "அண்ணே, நீங்க தூங்கி எவ்வளவு நாளாச்சு?"

வீரணன் ராஜாவைப் பார்த்துப் பயந்துகொண்டே சொன்னான். "எனக்கென்னங்க, எதையும் தாங்குற கட்டை நான். மகாராஜா கண்ணசந்தாத்தானே மணி அடிக்கணும், மணி அடிச்சாத்தானே நாங்க படுக்கணும். விடியக்காலம் மணி அடிச்சிட்டுப் படுத்தா, அடிச்ச சத்தத்துக்கு மகாராஜா எழுந்திரிச்சிடுறாரு. உடனே நாங்களும் எழுந்திரிச்சிடணுமே. என் வீட்டுக்காரி சோறு போடும்போது தட்டுலேயே தலையை வச்சிட்டேன்னு சொல்றா."

தன்னால் நானூறு பேர் தூங்காமல் கிடக்கிறார்கள் என்பது ராஜாவுக்குத் தெரியும். அந்த நினைப்புதான் படுக்கையில் அவரோடு புரண்டுகொண்டிருந்தது. அதை வாய்விட்டு இன்னொருவர் சொல்லி அன்றுதான் கேட்டார்.

கொம்பையன் மணியை அண்ணாந்து பார்த்தான். தார்க்குச்சியால் அதை ஒரு தட்டு தட்டினான். பிறகு, "அடையாளம் கிடைத்துவிட்டது. நாளை பார்க்கலாம்" என்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் உச்சிவேளையில் சபை நிரம்பி வழிந்தது. கொம்பையன் தோற்பதைப் பார்க்க மந்திரி முன்வரிசையில் வசதியாக உட்கார்ந்திருந்தார்.

"மகாராஜா, பிடித்துவிட்டேன். வாசலில் நிற்கிறது" என்றான் கொம்பையன். "ஆனால் கூச்ச சுபாவம் உள்ளது. இத்தனை பேர் வெறித்துப் பார்த்தால் உள்ளே வராது. ஆகையால் சபையில் எல்லோரும் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அந்த நேரத்துக்கு மட்டும் கோட்டைச் சட்டம் செல்லாது என்று தாங்கள் ஆணையிட வேண்டும். மகாராஜா ஒருவர் மட்டும் விழித்திருந்து காவல் காத்து, வருவதைப் பார்க்க வேண்டும்."

மந்திரிக்கு உள்ளூர மகிழ்ச்சி. ராஜா விழித்திருந்தால் அவருக்குத் தூக்கம் கிடைத்ததென்று யார் சாட்சி சொல்லுவது? இவன் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டான். "ஆணையிடுங்கள் மகாராஜா" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாகக் கண்ணை மூடினார்.

ராஜா ஆணையிட்டார். நானூறு பேரும் கண்ணை மூடினார்கள்.

ஏழு மாதத் தூக்கம் வாசலில் காத்துக் கிடந்ததல்லவா, கதவைத் திறந்ததும் ஒரேயடியாக உள்ளே விழுந்தது. முதலில் மந்திரி. தலைப்பாகை சரிந்து மூக்கில் நின்றது. அடுத்து வைத்தியர், கக்கத்தில் மருந்துப் பெட்டியோடு. வாயிற்காவலர்கள் ஈட்டியைக் கட்டிக்கொண்டு நின்றபடியே தூங்கினார்கள். விசிறிக்காரர் விசிறியை நெஞ்சில் போட்டுக்கொண்டார். கொம்பையனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நானூறு குறட்டையில் அவனுடையது தனியாகக் கேட்டது.

ராஜா மட்டும் விழித்திருந்தார். சிங்காதனத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பார்த்தார். வீரணன் தூணடியில் சுருண்டு கிடந்தான். அவன் முகத்தில் ஈ உட்கார்ந்தது. ராஜா இறங்கிப் போய் விசிறியை எடுத்து அதை விரட்டினார். பசித்தவர்கள் வயிறாரச் சாப்பிடுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒருவருக்கும் தன்னால் இப்போது கஷ்டமில்லை. அதைவிடப் பெரிய நிம்மதி, ஒருவர்கூடத் தன் முகத்தைப் பார்க்கவில்லை. தூங்கினாயா தூங்கினாயா என்று கேட்கும் ஒரு கண்கூட இல்லை.

கிரீடம் உறுத்தியது. கழற்றிக் கீழே வைத்தார். காவல்காரன் நிற்க வேண்டும் என்று சட்டமா என்ன என்று சிங்காதனத்துப் படியில் உட்கார்ந்தார். சாளரத்தில் ஒரு சிட்டுக்குருவி வந்து பார்த்துவிட்டுப் போனது. நாம் தூங்கக்கூடாது, காவல் இருக்கிறோம் என்று ராஜா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். படியில் சாய்ந்து இன்னொரு தடவை சொன்னார். மூன்றாவது தடவை பாதி சொன்னது அவருக்கே ஞாபகமில்லை.

அவர் கண் விழித்தபோது கிழக்குச் சாளரத்தில் வெயில். உச்சிவேளை போய், மாலை போய், மறுநாளே வந்துவிட்டது. சபை முழுக்கக் கைகட்டி நின்றது. ஏழு மாதத்தில் முதல் தடவையாக ராஜாவுக்கு எதிரில் இருப்பவர் முகம் தெளிவாகத் தெரிந்தது. தலை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவ்வளவு லேசாக இருந்தது.

மந்திரி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு முன்னே வந்தார். "மகாராஜா தூங்கிவிட்டார்கள், மகிழ்ச்சி. ஆனால் கொம்பையன் தோற்றான். தூங்கிய தாங்கள் தூக்கத்தைக் கண்ணால் காணவில்லை."

"மகாராஜா, விழித்திருக்கும்போது என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டான் கொம்பையன்.

"மந்திரி வாய் திறந்து தூங்கியதைப் பார்த்தேன். மூன்று பல் இல்லை" என்றார் ராஜா.

"அப்படியானால் தூக்கம் சபைக்கு வந்ததைக் கண்ணால் பார்த்தாயிற்று. சபையோரே, எழுந்ததும் நீங்கள் எதைப் பார்த்தீர்கள்?"

"மகாராஜா படியில் படுத்துத் தூங்கியதை" என்றது சபை.

வைத்தியர் விடவில்லை. "மகாராஜா கண்டது எங்களுடைய தூக்கம். அவருடையதை அல்லவா கொண்டுவரச் சொன்னோம்?"

"வைத்தியரே, வண்டியில் இரண்டு மாடு பூட்டியிருந்தால் ஒன்றை மட்டும் எப்படி ஓட்டி வருவது?" என்றான் கொம்பையன். "உங்கள் தூக்கத்தை மகாராஜாவின் தூக்கத்தோடு கட்டிப்போட்டுவிட்டோம். இவருக்கு வந்தால்தான் உங்களுக்கு என்றோம். நானூறு பேரின் பாரம் கழுத்தில் இருக்கும்போது அது எப்படி எழுந்து வரும்? நேற்று உங்களை அவிழ்த்துவிட்டேன். அதுவும் பின்னாலேயே வந்தது."

ராஜாவுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். "நான் தூங்கியதும் வழக்கப்படி மணி அடித்திருக்க வேண்டுமே?"

வீரணன் நெளிந்தான். "அடிச்சேன் மகாராஜா. சாயங்காலம் முழிப்பு வந்துச்சு. நீங்க தூங்குறதைப் பார்த்ததும் பழக்கதோஷத்துல ஓடிப்போய்க் கயித்தை இழுத்துட்டேன். மூணு தடவை இழுத்தேன். சத்தமே வரலை. சரின்னு திரும்பி வந்து படுத்துட்டேன்."

கொம்பையன் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு பொருளை எடுத்து ராஜாவின் காலடியில் வைத்தான். அது மணியின் நாக்கு. "மன்னிக்க வேண்டும் மகாராஜா. நான் திருடியது இது ஒன்றைத்தான்."

ராஜா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அன்றோடு பாட்டனாரின் சட்டம் ஒழிந்தது. படுக்கையைச் சுற்றி நின்ற பன்னிரண்டு பேரும் வீட்டுக்குப் போனார்கள். மருதாணித் தலையணை வீரணனுக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு ராஜா நாள் தவறாமல் அடித்துப்போட்டாற்போல் தூங்கினார் என்று சொன்னால் நான் கதை விடுகிறேன் என்று அர்த்தம். சில நாள் வராது. வராத நாளில் எழுந்து சால்வையைப் போர்த்திக்கொண்டு நடப்பார். எல்லோரும் தூங்குவதைப் பார்ப்பார். வராவிட்டால் போகட்டும், நாளைக்கு வரும் என்று திரும்பி வந்து படுப்பார். காலையில் யாரும் அவரிடம் கேட்பதில்லை.

கொம்பையனுக்குக் கிடைத்த பரிசைச் சொல்ல மறந்துவிட்டேன். முத்துமாலை கொடுத்த ராஜா, "வேறென்ன வேண்டும்?" என்று கேட்டார். "சபையில் தூங்க அனுமதி வேண்டும்" என்றான் அவன். மறுநாள் சபை நடுவில் பட்டுமெத்தை போட்டிருந்தது. "படு" என்றார் ராஜா. கொம்பையன் ஆனந்தமாகப் படுத்தான். நானூறு பேரும் அவனையே பார்த்தார்கள். வலப்பக்கம் புரண்டான். இடப்பக்கம் புரண்டான். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். நானூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"மகாராஜா, வரமாட்டேன் என்கிறது" என்றான் பரிதாபமாக.

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். "பழையது சாப்பிடவில்லையா?"

"இரண்டு சட்டி சாப்பிட்டேன்."

ராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு கையைக் காட்டினார். "எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்."

நானூறு பேரும் முதுகைக் காட்டித் திரும்பினார்கள். ராஜாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பழைய குறட்டை கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே, அந்தக் குடியானவர்களின் மதகு மனுவை மறுபடி படிக்கும்படி ராஜா மெல்லிய குரலில் சொன்னார்.