பேட்டரி அறைக் கதவு

பராமரிப்பு அதிகாரி குணாளன் பயிற்சி அறைக்குள் மூச்சு வாங்க நுழைந்தபோது மணி பதினொன்று. மின் கட்டுப்பாட்டு அறைக்கு ஆள் பழக்கும் செண்பகவல்லி, ஒரு காலத்தில் அவருக்கும் பாடம் சொன்னவர்.

"விசாரணையும் என் தலையில விழுந்துடுச்சு மேடம். பன்னிரண்டு மணிக்கு அறிக்கை போயாகணும். டிரான்ஸ்ஃபார்மர் கொதிக்குதுன்னு எச்சரிக்கை வந்திருக்கு. அன்னைக்கு டியூட்டியில இருந்த ஆபரேட்டர் இன்னாசி அதைப் படிக்காமலே எச்சரிக்கையை அணைக்கிற பட்டனை அமுக்கிட்டார். நாலு மணி நேரம் ஊரே இருட்டு. நான் கையெழுத்துப் போட்டா அவருக்கு வேலை இல்லை. பத்தொன்பது வருஷ அனுபவம். எப்படி மேடம் படிக்காம அமுக்குவார்?"

செண்பகவல்லி, நிஜக் கட்டுப்பாட்டு அறை போலவே இயங்கும் பயிற்சி மேசையைக் காட்டினார்.

"உட்காரு. ஊர் அணையாம பார்த்துக்கோ."

திரை விழித்துக்கொண்டது. ஒரு லைனில் லோடு ஏறியது. குணாளன் பாதியை அடுத்த லைனுக்குத் தள்ளினார். கீங் என்று ஒரு சத்தம். 'பேட்டரி அறைக் கதவு திறந்திருக்கிறது.' அமுக்கினார்.

"கதவுக்கெல்லாமா எச்சரிக்கை?"

"அன்னைக்கு இன்னாசிக்கு வந்த அதே வரிசைதான். வேலையைப் பாரு."

மறுபடி கீங். கதவு. போன் அடித்தது. இன்னொரு லைன் எகிறியது. குணாளனுக்குச் சூடு பிடித்துவிட்டது. ஒரு காதில் போன், ஒரு கையில் மவுஸ். கீங், அமுக்கினார். கீங், அமுக்கினார்.

"விட்டா மாநிலத்தையே ஓட்டிடுவேன் மேடம்" என்று சிரித்தார். கீங். அமுக்கினார்.

திரை கறுத்தது.

"கடைசியா எதை அமுக்கின?"

"கதவு."

செண்பகவல்லி பட்டியலைத் திருப்பிக் காட்டினார். முப்பத்தேழு வரி கதவு. முப்பத்தெட்டாவது: 'டிரான்ஸ்ஃபார்மர் வெப்பம் எல்லை தாண்டியது.'

குணாளன் அதை இரண்டு தடவை படித்தார்.

"எல்லாத்துக்கும் ஒரே சத்தம், மேடம்."

"ம்."

"அந்தக் கதவு ஏன் இப்படி அடிச்சுக்குது?"

"தாழ்ப்பாள் உடைஞ்சு ஆறு மாசம். காத்தடிச்சா திறந்துக்கும். புதுசு கேட்டு இன்னாசி மூணு கடிதம் எழுதியிருக்கார்."

"யாருக்கு?"

செண்பகவல்லி மூன்று நகல்களையும் மேசைமேல் வைத்தார். மூன்றின் ஓரத்திலும் 'அவசரமில்லை' என்று இருந்தது. கீழே குணாளனின் கையெழுத்து.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். தலைமை அலுவலகத்திலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. குணாளன் பேனாவைத் திறந்தார். மூடினார்.

"நான் என்ன எழுதட்டும் மேடம்?"

"முதல்ல போய் அந்தக் கதவைச் சாத்திட்டு வா."