வெறுங்காலுக்கு வாதாடிய காத்தாயி அம்மையார்

செம்பாறைக் குன்றின் அடிவாரத்தில், அகோரம் ஸ்தபதியாரின் பட்டறையில் மண் மிதிப்பதே காத்தாயி அம்மையாரின் வேலை. ஆற்று வண்டலைச் சலித்து, தண்ணீர் விட்டு, வெண்ணெயாய்க் குழையும் வரை காலால் மிதிப்பார். ஸ்தபதி மெழுகில் செய்து வைத்த உருவத்தின் மேல் அந்த மண்ணை முதல் பூச்சாகப் பூசுவார். மண்கூட்டைச் சுட்டால் உள்ளிருக்கும் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த இடத்தில் காய்ச்சிய வெண்கலம் போய் உட்காரும். சிலையைப் பார்க்க வருகிறவர்கள் ஸ்தபதியைக் கொண்டாடுவார்கள். மண் மிதித்தவரை யார் கேட்கப் போகிறார்கள்? ‘சேத்துக்காரி’ என்பதுதான் பட்டறை அவருக்கு வைத்திருந்த பெயர்.

அம்மையாருக்கு அதில் வருத்தமே கிடையாது. விடிந்ததும் வெறுங்காலோடு குன்றை ஒருமுறை சுற்றி வந்து, மேலே நிற்கும் வேலவரைக் கும்பிடாமல் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. கணவரைக் காமாலைக்குப் பறிகொடுத்த மறுநாளே சுற்ற வந்துவிட்டார். “இவளுக்கு நெஞ்சா கல்லா?” என்று ஊர் பேசியது. பட்டறையில் எந்த உருவத்துக்கும் அவர் பாதத்தில்தான் முதல் மண் வைப்பார். வைக்கும்போது “முருகா” என்பார். அவருடைய பூசையெல்லாம் அவ்வளவுதான்.

அந்தச் சுற்றுப்பாதையில்தான் செவ்வந்தி அவருக்குப் பழக்கமானாள். செங்கல் சூளையில் வேலை பார்ப்பவரின் மகள். ஓடிப் பழக மைதானம் ஏது? குன்றைச் சுற்றியே ஓடினாள். அந்தப் பாதையில் செருப்பணிந்து நடக்கும் வழக்கமில்லை; அவளும் வெறுங்காலோடுதான் ஓடினாள். அம்மையார் ஒரு சுற்று முடிப்பதற்குள் அவள் ஆறு சுற்று முடித்துவிடுவாள். அடேயப்பா, என்ன ஓட்டம்! அந்த வெறுங்காலோடுதான் வெளிநாட்டுக்குப் போய்ப் பத்தாயிரம் மீட்டரில் தங்கம் வாங்கினாள். மாவட்ட விளையாட்டுச் சங்கம் அவளுக்கு வெண்கலச் சிலை வைக்க முடிவு செய்து, பொறுப்பை அகோரம் ஸ்தபதியாரிடம் கொடுத்தது.

ஸ்தபதியார் மெழுகில் அருமையாகச் செய்துவிட்டார். ஒரு கால் தரையில். மற்றது பின்னால் எழும்பி, உள்ளங்காலை உலகத்துக்கே காட்டிக்கொண்டிருந்தது. பார்வையிட வந்த சங்கத் தலைவர் ரெத்தினசபாபதி அந்த உள்ளங்காலைப் பார்த்துத்தான் முகம் சுளித்தார்.

“என்ன ஸ்தபதி, வெறுங்காலா இருக்கு? வெளியூர்க்காரன்லாம் வந்து பாப்பான். ஒரு ஷூ வாங்க வக்கில்லாத மாவட்டம்னு நெனைக்க மாட்டானா?”

“அந்தப் பொண்ணு அப்படித்தானுங்களே ஓடுச்சு?”

“ஓடுனா ஓடட்டும். சிலைக்கு ஷூ போடுங்க.”

செவ்வந்தியோ எங்கோ வடநாட்டுப் பயிற்சி முகாமில் இருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மெழுகுக் கால்களின் மேல் மேலும் மெழுகை அப்பி, வாரும் முடிச்சுமாக ஷூ செய்து முடித்தார்கள். முதல் பூச்சுக்கு அம்மையாரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து பார்த்தார். கையிலிருந்த மண் உருண்டையைத் தொட்டியிலேயே திரும்பப் போட்டார்.

“ஷூ போட்ட காலுக்கு நான் மண்ணு பூச மாட்டேன் ஐயா.”

பட்டறையே சிரித்தது. “இது என்ன சாமி சிலையா? ஓட்டக்காரி சிலைதானே. ஒனக்கு என்ன வந்துச்சு?” என்றார் மெழுகு வேலைக்காரர் ஒருவர்.

“அது ஓடிப் பழகுனது முருகன் பாதையில. அவனுக்காகச் செருப்பக் கழட்டுன காலு அது. அத மூடிட்டு என்னத்தக் கொண்டாடப் போறீங்க? என் கைய வெட்டுனாலும் பூச மாட்டேன்.”

ஸ்தபதியார் நல்ல மனிதர்தான். ஆனால் ஷூவைச் சரிபார்க்க வந்த தலைவர் எதிரிலேயே நின்றிருந்தார். “நாளையிலேருந்து வேலைக்கு வர வேண்டாம் காத்தாயி” என்று ஸ்தபதியார் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

வேறு பட்டறைகளிலும் வேலை கிடைக்கவில்லை. தலைவரின் பகை யாருக்கு வேண்டும்? ரேஷன் அரிசிக் கஞ்சியில் நாள் ஓடியது. அதற்காக அம்மையார் ஒடுங்கி மூலையில் உட்காரவில்லை. செவ்வந்தி ஓடிய அதே ஆறு சுற்றையும், ஷூ மூடிய அந்தக் கால் திறக்கும் வரை தினமும் தாம் நடப்பதாக வேலவரிடம் சொல்லிவிட்டார். அக்கினி நட்சத்திர வெயில். பாதம் கொப்பளித்து, கொப்புளம் உடைந்து, பாறையில் ஈரத்தடம் பதிந்தது. “சேத்துக்காரி அடுத்த ஒலிம்பிக்ஸ் போறா டோய்!” என்று டீக்கடையில் கைதட்டினார்கள். அவர் நின்றது ஒரே ஓர் இடத்தில்தான். மலைப்படியின் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, ஊருக்கே கேட்கும்படி சண்டை போடுவார்.

“நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன். அது ஓடுனத தெனம் பாத்தவன் நீ. சாட்சி சொல்ல வேண்டியவனும் நீதான். வாய மூடிக்கிட்டு மேல நின்னா எப்புடி?”

பட்டறையில் வேறு ஆட்கள் மண் பூசினார்கள். கூடு காய்ந்தது. அம்மையார் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. வார்ப்பு நாளில் தலைவர் நாற்காலி போட்டு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். ஷூவையும் சேர்த்து மெழுகை எடைபோட்டு, அந்தக் கணக்குக்கு உலோகம் உருக்கியிருந்தார்கள். ஊற்றினார்கள். ஆனால் உலோகம் தீருவதற்குள் கூடு வாய் வரை நிரம்பிவிட்டது! ஸ்தபதியார் திகைத்துப் போனார். நாற்பது வருஷத் தொழிலில் அவருடைய எடைக்கணக்கு தப்பியதில்லை. உள்ளே எங்கோ மெழுகு தங்கிவிட்டது, சிலை பழுது என்றே முடிவு கட்டினார்.

மறுநாள் கூட்டை உடைத்தார்கள். ஸ்தபதியார் காலருகே சுத்தியலைத் தட்டினார். சுட்ட மண் பெயர்ந்து விழுந்தது. வாரும் இல்லை, முடிச்சும் இல்லை. ஐந்து விரலும் விரிந்த வெறுங்கால்! மெழுகில் ஸ்தபதியார் வழவழவென்று விட்டிருந்த குதிகாலில், ஓடி ஓடி விழுந்த வெடிப்புகள்கூட வரிவரியாகப் பதிந்திருந்தன. பழுது என்று சொல்ல ஓர் ஊசிமுனை இடம் இல்லை.

முதலில் எழுந்தவர் தலைவர்தான். தம் தோல் ஷூக்களைக் கழற்றி அங்கேயே விட்டார். கொதிக்கும் பாதையில் தத்தித் தத்தி நடந்து, நான்காம் சுற்றை முடித்து வந்த அம்மையாரை எதிர்கொண்டார்.

“தாயே, அவரு சாட்சி சொல்லிட்டாரு. வந்து பாருங்க” என்று கைகூப்பினார்.

அம்மையார் அவருடைய சிவந்த பாதங்களைத்தான் முதலில் பார்த்தார். “ஐயோ, பழக்கமில்லாத காலு. ஓரமா நெழல்ல நில்லுங்கய்யா. இன்னும் ரெண்டு சுத்து பாக்கி இருக்கு, முடிச்சிட்டு வந்துடறேன்” என்றார்.

அப்படியே முடித்துவிட்டுத்தான் வந்தார். வெண்கல விரல்களின் இடுக்கில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தார். துடைக்கத் துடைக்க அழுதார். மண் மிதித்த காலாலேயே மலைவாழ் இறைவனைச் சாட்சிக்கு இறங்கி வரச்செய்த காத்தாயி அம்மையாரின் திருவடியை, நாமும் செருப்பைக் கழற்றிவிட்டு வணங்குவோம்.